ஸெஃபிர்ல லிட்டில்எஃப்எஸ் செட் பண்றது: கரண்ட் போனாலும் டேட்டா போகக்கூடாது

(திரையில்: போர்டு மேல எட்டு கால் வச்ச ஒரு சின்ன சிப், கேமரா கிட்டப் போகுது)

ஸெஃபிர்ங்கறது சின்ன டிவைஸ்ல ஓடுற ஒரு ரியல் டைம் ஓஎஸ், லிட்டில்எஃப்எஸ்ங்கறது ஃப்ளாஷ் சிப்ல ஃபைல் வைக்கிறதுக்கான ஃபைல் சிஸ்டம். இந்த சிப் பேரு டபிள்யூ25க்யூ128, விண்பாண்ட் கம்பெனியோடது, 16 எம்பி நார் ஃப்ளாஷ், அதாவது கரண்ட் போனாலும் டேட்டாவ வச்சிருக்கற மெமரி. டேட்டாஷீட்ல ஒரு செக்டார (ஒண்ணா சேந்து அழியுற துண்டு) 1,00,000 தடவ அழிச்சு எழுதலாம்னு போட்டிருக்கும். நிறைய மாதிரி இருக்குல்ல? இப்ப செகண்டுக்கு ஒரு தடவ ஒரே இடத்துல அழிச்சு எழுதுறீங்கன்னு வைங்க, 28 மணி நேரத்துல அந்த கணக்கு முடிஞ்சிரும். வருஷக்கணக்கா ஓட வேண்டிய டிவைஸ்ல ஒன்றரை நாளுக்குள்ள ஒரு செக்டார் காலி.

ஏன் அழிக்கணும்னா, ஃப்ளாஷ்ல 1-ஐ 0 ஆக்கலாம், ஆனா 0-வ தனியா 1 ஆக்க முடியாது. பேப்பர்ல ஓட்டை போடுற மாதிரிதான், போட்ட ஓட்டைய மூட வழியில்ல, முழு தாளையும் மாத்தணும். இந்த சிப்ல அந்தத் தாள், அதாவது ஒரு செக்டார், 4096 பைட், லிட்டில்எஃப்எஸ்ல இதத்தான் பிளாக்னு சொல்லுவாங்க. ஒரு பைட்ட திருத்தணும்னாலும் 4096 பைட்டையும் அழிச்சாகணும், அழிக்கிறதுக்கு சாதாரணமா 45 மில்லி செகண்ட், மோசமா போனா 400 மில்லி செகண்ட் வரைக்கும் ஆகும். இந்த 400-ஐ மனசுல வச்சுக்கங்க, கடைசில வேணும்.

(திரையில்: ஃபேட் டேபிள் ஒரே இடத்துல திரும்பத் திரும்ப எழுதப்படுது, நடுவுல கரண்ட் போகுது)

சில பேரு இதுல நேரா ஃபேட் (மெமரி கார்டுல வர்ற பழைய ஃபைல் சிஸ்டம்) போட்ருவாங்க. ஃபேட்ல டேபிள் எப்பவும் ஒரே இடத்துல இருக்கும், அதனால அந்த இடம் மட்டும் தேயும், அது பரவால்லன்னு விட்டாக்கூட, டேபிள அழிச்சிட்டு புதுச எழுதுறதுக்கு முன்னாடி கரண்ட் போச்சுன்னா எந்த ஃபைல் எங்க இருக்குன்னே தெரியாது. இதுக்காகத்தான் 2017ல ஆர்ம் கம்பெனில கிறிஸ்டோஃபர் ஹேஸ்டர் லிட்டில்எஃப்எஸ் எழுதினாரு, முதல்ல ஆர்மோட எம்பெட் ஓஎஸ்-க்காக. அதுல பழசு மேல எழுதவே மாட்டாங்க, புது பிளாக்ல எழுதி முடிச்சிட்டு அப்புறம்தான் பழச விடுவாங்க. டைரக்டரி தகவல் எப்பவும் ரெண்டு பிளாக் ஜோடியா இருக்கும், ஒண்ணு பாதில நின்னாலும் இன்னொண்ணு முழுசா இருக்கும்.

சரி, ஸெஃபிருக்கு வருவோம். ஆன் பண்றது சுலபம், கான்ஃபிக் ஃபைல்ல ஃப்ளாஷ், ஃப்ளாஷ் மேப், ஃப்ளாஷ் பேஜ் லேஅவுட், ஃபைல் சிஸ்டம், லிட்டில்எஃப்எஸ் இந்த அஞ்சையும் போட்டா பில்ட் ஆயிடும், சாம்பிள் ஓடிடும். நிறைய பேரு இங்கயே நிறுத்திடறாங்க, அதுதான் எனக்கு வருத்தம், ஏன்னா டீஃபால்ட் நம்பர் எல்லாம் குட்டி போர்டுல ரேம் பத்தாமப் போகக்கூடாதுன்னு வச்சது, உங்க சிப்புக்காக வச்சது இல்ல.

கேஷ் சைஸ் எடுத்துக்கங்க, அதாவது ஃப்ளாஷுக்குப் போற, வர்ற டேட்டாவ ரேம்ல வச்சுக்கற இடம், டீஃபால்ட் 64 பைட். இந்த சிப்போட பேஜ், அதாவது ஒரே தடவைல எழுதக்கூடிய அளவு, 256 பைட், அப்போ ஒரு பேஜ நாலு தவணையா எழுதும். 256 ஆக்கிட்டா ஒரே தடவ. ஆனா ஓபன் பண்ற ஒவ்வொரு ஃபைலுக்கும் தனி கேஷ் வேணும், அதுபோக ரீடுக்கு ஒண்ணு, எழுதுறதுக்கு ஒண்ணு, நாலு ஃபைல்னா மொத்தம் 1536 பைட் ரேம். அதே நேரத்துல நாலு ஃபைல்தான் ஓபன் பண்ண முடியும்ங்கறதும் டீஃபால்ட்தான், அஞ்சாவது ஃபைல் மெமரி இல்லன்னு எரர் தரும், ரேம் நிறைய இருக்கேன்னு தலைய பிச்சுக்காதீங்க.

அடுத்தது லுக்அஹெட். காலியா இருக்கற பிளாக்க தேடுறதுக்கு ஒரு பிட்டுக்கு ஒரு பிளாக்னு வச்சிருக்கும். டீஃபால்ட் 32 பைட், அதாவது 256 பிளாக். நம்ம சிப்ல 4096 பிளாக் இருக்கு. அந்த 256 தீந்ததும் அடுத்த 256-க்காக ஃபைல் சிஸ்டம் முழுசையும் ஒரு தடவ நடந்து பாக்கும், அந்த நேரத்துல ரைட் திடீர்னு இழுக்கும். 512 பைட் குடுத்தா முழு சிப்பும் ஒரே பார்வைல அடங்கிடும். அரை கேபி ரேம் குடுக்க முடிஞ்சா குடுத்துருங்க. பிளாக் சைக்கிள்ஸ், அதாவது எத்தன தடவ அழிச்சதும் டைரக்டரி தகவல் வேற பிளாக்குக்கு மாறணும்ங்கற நம்பர், 512-லயே இருக்கட்டும், 100-லிருந்து 1000-க்குள்ள எதுவும் ஓகே.

(திரையில்: சிங்க் கூப்பிடுறப்பெல்லாம் ஒரு புது பிளாக் அழியுது)

இப்ப முக்கியமான விஷயம், சிங்க், அதாவது எழுதினத ஃப்ளாஷ்ல உறுதியாக்கச் சொல்றது. எஃப்எஸ் ரைட் கூப்பிட்டதும் டேட்டா பத்திரமாயிருச்சுன்னு நெனைக்காதீங்க, சிங்க் இல்ல க்ளோஸ் பண்ணாத்தான் கணக்குல சேரும். அதுக்காக செகண்டுக்கு ஒரு சிங்க் போட்டாலும் தப்பு, ஏன்னா கடைசி பிளாக் பாதி நிறைஞ்சிருந்தா அடுத்த ரைட்டுல அத அப்படியே புது பிளாக்குக்கு காப்பி பண்ணும், பத்து பைட் சேக்கறதுக்கு ஒரு பிளாக் அழியும். தேய்மானம் சிப் முழுக்க சமமா பரவினாக்கூட செகண்டுக்கு ஒரு பிளாக்னா 13 வருஷம், பார்ட்டிஷன் (சிப்ல இதுக்குன்னு ஒதுக்கின பகுதி) 1 எம்பிதான்னா ஒரு வருஷம்கூட வராது. அதனால ரேம்ல சேத்து வச்சு அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்க சிங்க் பண்ணுங்க. கரண்ட் போனா எவ்ளோ நேரத்து டேட்டா போகலாம்னு வாடிக்கையாளர்கிட்ட கேட்டு முடிவு பண்ணுங்க, நீங்களா முடிவு பண்ணாதீங்க.

இன்னொன்னு, இத நான் பட்டுத்தான் கத்துக்கிட்டேன். வயல்ல வச்சிருந்த மண் ஈரம் அளக்கற டிவைஸ் ஒண்ணுக்கு அப்டேட் அனுப்பினோம், அதுல டேட்டா பார்ட்டிஷன கொஞ்சம் பெருசாக்கியிருந்தோம். லிட்டில்எஃப்எஸ் சூப்பர்பிளாக்ல (ஃபைல் சிஸ்டத்தோட அடிப்படை விவரம் இருக்கற இடம்) பிளாக் எண்ணிக்கை எழுதியிருக்கும், அது கான்ஃபிக்கோட ஒத்துப்போகலன்னா மவுண்ட் ஆகாது, அதாவது ஃபைல் சிஸ்டம் திறக்காது. ஸெஃபிர் என்ன பண்ணும்னா மவுண்ட் ஆகலைன்னதும் தானா ஃபார்மேட் பண்ணிடும்! மூணு மாச ரீடிங் போச்சு, லாக்ல ஒரே ஒரு வார்னிங் லைன். அந்த விவசாயிகிட்ட என்ன சொல்றதுன்னு தெரியாம நின்னேன். டிவைஸ்ட்ரீல (போர்டு விவரம் எழுதற ஃபைல்) எஃப்ஸ்டாப் நோடுல, அதாவது எத மவுண்ட் பண்ணணும்னு சொல்ற இடத்துல, நோ ஃபார்மேட்னு ஒரு வார்த்தை இருக்கு, வெளிய போற ஃபர்ம்வேர்ல அது இருந்தே ஆகணும். ஃபார்மேட்ட ஃபேக்டரில மட்டும் பண்ணுங்க.

(திரையில்: சென்சார் த்ரெட், கியூ, லாகர் த்ரெட்)

இப்ப அந்த 400 மில்லி செகண்டுக்கு வருவோம். சென்சார் படிக்கிற த்ரெட்லயே (தனியா ஓடுற ஒரு வேலை) ஃபைல் எழுதினீங்கன்னா எரேஸ், அதாவது அழிக்கிறது, முடியற வரைக்கும் அந்த த்ரெட் நிக்கும், ரியல் டைம்ங்கற பேச்சே போயிரும். சென்சார் த்ரெட்டு ஹை ப்ரையாரிட்டில ரீடிங் எடுத்து மெசேஜ் கியூல போடட்டும், லோ ப்ரையாரிட்டி லாகர் த்ரெட் எடுத்து எழுதட்டும். செகண்டுக்கு 100 ரீடிங்னா ஒரு எரேஸ்ல 40 சேரும், காப்பி, டைரக்டரி எழுதறதுன்னு ரெண்டு மூணு எரேஸ் வரிசையா வரலாம், அதனால கியூல 256 வைங்க.

சிப் வெளிய இருந்தாத்தான் இந்த வசதி. என்ஆர்எஃப்52840 மாதிரி மைக்ரோகண்ட்ரோலர்ல உள் ஃப்ளாஷ்லயே ஃபைல் சிஸ்டம் வச்சா பேஜ் எரேஸ் 85 மில்லி செகண்ட் வரைக்கும் ஆகும், கோடும் அதே ஃப்ளாஷ்லேர்ந்து ஓடுறதால சிபியூவே நின்னுரும், த்ரெட் ப்ரையாரிட்டி எதுவும் உதவாது. அங்க 10,000 தடவதான் அழிக்கலாம்ங்கறதையும் சேத்துக்கங்க.

எல்லாம் செட் பண்ணதும் ஒரு ரிலே வாங்கி போர்டோட பவர் லைன்ல மாட்டுங்க, இஷ்டத்துக்கு ஒரு நேரத்துல கட் பண்ற மாதிரி ஸ்கிரிப்ட் எழுதி ராத்திரி பூரா ஓட விடுங்க. ஒவ்வொரு பூட்லயும் ஒரு கவுண்டர ஃபைல்ல கூட்டி எழுதி சிங்க் பண்ணணும், அந்த நம்பர் சீரியல்ல வரணும். காலைல பாக்கறப்போ கவுண்டர் எங்கயாவது பூஜ்யத்துக்கு திரும்பியிருந்தா, இல்ல சிங்க் ஆயிருச்சுன்னு சொன்ன நம்பருக்குக் கீழ இறங்கியிருந்தா, அந்த போர்ட வெளிய அனுப்பாதீங்க.