வாத்தியார் எப்போது வரைவது?

(பள்ளி ஓவிய ஆசிரியர்களுக்கான பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பேசுகிறவனுக்கு நீட்டி முழக்க உரிமை கிடையாது. நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

ஓவிய ஆசிரியர் தனக்கென்று வரைவதை நிறுத்திவிடக் கூடாது என்பது என் கட்சி. கண்காட்சி வைக்க வேண்டும், பேர் வாங்க வேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை. தானும் ஒரு தாளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறவருக்குத்தான் பிள்ளை எந்த இடத்தில் திணறுகிறது என்று தெரியும். ஆனால் அப்படி வரைகிறவரிடம் ஒரு கோளாறும் இருக்கிறது. அவர் கை சும்மா இருக்காது. பிள்ளையின் தாளில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

எட்டாம் வகுப்பில் ஒரு செம்பை வரையச் சொல்கிறோம் என்று வையுங்கள். நடுவில் ஒரு ஸ்டூல், அதன் மேல் செம்பு. பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். சிலர் பெஞ்சில், இடமில்லாத சிலர் தரையில். பெஞ்சில் இருக்கிற பையன் செம்பின் வாயை மீன் மாதிரி இரண்டு பக்கமும் கூராக வரைவான். அடிப்பாகத்துக்கு ஸ்கேல் வைத்ததுபோல் ஒரு நேர்க்கோடு போட்டு முடித்துவிடுவான். ஏன் நேர்க்கோடு? செம்பு தட்டையான பலகைமேல் நிற்கிறது என்று அவனுக்குத் தெரியும். தெரிந்ததை வரைகிறான், தெரிகிறதை வரையவில்லை. மேலிருந்து பார்க்கிறவன் கண்ணுக்கு அடிப்பாகத்தின் வளைவு வாயின் வளைவைவிடக் கூடுதலாகவே இருக்கும். இதைச் சொல்லிக் கொடுக்கலாம், சொல்லித்தான் ஆக வேண்டும்.

இப்போது தரையில் இருக்கிற பெண்ணைப் பாருங்கள். அவள் கண்மட்டத்துக்குச் செம்பின் வாய் கிட்டத்தட்ட ஒரு கோடாகத்தான் தெரிகிறது. அப்படியே வரைந்திருக்கிறாள், சரியாகத்தான் வரைந்திருக்கிறாள். வாத்தியார் வருகிறார். நின்றபடி செம்பைப் பார்க்கிறார். அவர் உயரத்துக்கு வாய் அகலமாகத் திறந்து தெரிகிறது. "இப்படியா வரைவது?" என்று ரப்பரை எடுத்து அழித்துவிட்டு, அழகான நீள்வட்டம் ஒன்றைப் போட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த பிள்ளையிடம் போகிறார். நல்ல கை, பழகிய கை. ஆனால் அந்தத் தாளில் இருப்பது வாத்தியார் நின்ற இடத்துச் செம்பு. அந்தப் பெண் நிமிர்ந்து ஸ்டூலைப் பார்க்கிறாள், குனிந்து தாளைப் பார்க்கிறாள். இரண்டும் ஒட்டவில்லை. எதை நம்புவாள்? வாத்தியாரைத்தான் நம்புவாள். அன்றோடு செம்பைப் பார்ப்பதை விட்டுவிடுவாள்.

அவள் பக்கத்தில் ஒரு நிமிஷம் தரையில் உட்கார்ந்து பார்த்திருந்தால் ரப்பரை எடுத்திருக்க மாட்டார்.

நம் சென்னை ஓவியக் கல்லூரியின் கதையே இதற்கு நல்ல பாடம். அலெக்சாண்டர் ஹண்டர் என்ற டாக்டர் 1850-இல் தொடங்கிய பள்ளி அது. தேவி பிரசாத் ராய் சௌத்ரி 1929-இல் அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அந்த நாற்காலிக்கு வந்த முதல் இந்தியர், 1957 வரை இருந்தார். மெரினாவில் பாறையை நெம்பும் நான்கு பேர், உழைப்பாளர் சிலை, அவர் செய்ததுதான். அதற்கு மாதிரியாக நின்றவர்களில் ஒருவர் கல்லூரிக் காவலாளி என்று சொல்வார்கள். எனக்கு அதில் பிடித்தது என்னவென்றால், முதல்வர் செய்கிற வேலை கல்லூரி வாசல்வரைக்கும் தெரிந்திருக்கிறது. மாணவன் முடிந்த சிலையை மட்டும் பார்த்தால் பிரமித்துப்போவான், அவ்வளவுதான். பாதியில் நிற்கிற களிமண்ணைப் பார்த்தால்தான், ஓகோ, இவரும் தட்டுத்தடுமாறித்தான் வருகிறார் என்று புரியும்.

அவருக்குப் பின் வந்த கே.சி.எஸ். பணிக்கரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். கோயம்புத்தூரில் 1911-இல் பிறந்தவர், இதே பள்ளியில் படித்தவர், இங்கேயே ஆசிரியரானவர், 1957 முதல் 1967 வரை முதல்வர். முதல்வர் வேலை என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோப்பு, கையெழுத்து, லீவு லெட்டர், ஆடிட். பொதுவாக அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் தூரிகை காய்ந்துவிடும். பணிக்கருக்கோ 1963-இல், ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை ஆரம்பிக்கிறது. அவர் பெயர் இன்று நிற்பது அந்த ஓவியங்களால்தான். எங்கிருந்து வந்தது அது? ஒரு மாணவரின் கணக்கு நோட்டுப் பக்கத்திலிருந்து. எண்கள், எழுத்துகள், அவற்றைச் சேர்த்துப் போட்ட கோடுகள். நம்மிடம் ஒரு நாளைக்கு எத்தனை நோட்டு வருகிறது! நாம் கையெழுத்து போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம்.

அவரை உறுத்திய விஷயம் இன்னொன்று. நன்றாக வரைகிற மாணவர்கள் படிப்பை முடித்துவிட்டு, பிழைப்புக்காக வேறு வேலைக்குப் போய்த் தூரிகையைக் கீழே வைத்துவிடுகிறார்கள். அதற்கு அவர் கண்ட வழிதான் சோழமண்டலம் என்ற கலைஞர் கிராமம். பத்திக், அதாவது மெழுகு வைத்துச் சாயம் போடும் துணி, போன்ற கைவினைப் பொருள்களைச் செய்து விற்று, அந்தப் பணத்தில் 1966-இல் சென்னையை அடுத்த ஈஞ்சம்பாக்கத்தில் இடம் வாங்கிக் குடியேறினார்கள். பாடத்திட்டத்தில் இருக்கிற வேலையா இது? இல்லை. வரைகிறவனுக்கு எது தடையாக நிற்கும் என்று தன் உடம்பில் உணர்ந்த ஆசிரியரால்தான் இதைச் செய்ய முடியும்.

குறையும் உண்டு. அவரைப் பார்த்து எழுத்தையும், பூஜைத் தகட்டில் இருக்கிற யந்திரக் கட்டத்தையும் தங்கள் ஓவியத்துக்குள் இறக்கியவர்கள் இருந்தார்கள். எல்லோருக்கும் அது பொருந்திவிடவில்லை. பெரிய கலைஞர் வகுப்பில் இருந்தால் இது நடக்கத்தான் செய்யும்.

மாணவர்கள் தன் சாயலில் போய்விடாமல் இருப்பதற்கு எனக்கு சிற்பி எஸ். தனபால்தான் அளவுகோல். ராய் சௌத்ரியின் மாணவர், பிற்பாடு 1970-களில் கல்லூரி முதல்வர். அவர் ஆசிரியராக இருந்த காலத்து மாணவர்களைப் பாருங்கள். பி.வி. ஜானகிராம் செப்புத் தகட்டைத் தட்டித் தட்டி உருவம் செய்தார். கானாயி குஞ்ஞிராமன் 1969-இல் கேரளத்து மலம்புழாவில் பிரம்மாண்டமான யக்ஷி சிலையை உட்கார வைத்தார். இந்த இரண்டையும் தனபாலின் வெண்கலத்துக்குப் பக்கத்தில் வைத்தால் ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

சங்கீதத்தில் கதையே வேறு என்று இங்கே யாராவது குறுக்கிடலாம். உண்மைதான். அங்கே குரு பாடியதை அப்படியே திருப்பிப் பாடுவதுதான் பாடாந்தரம். வீணை தனம்மாள் வீட்டுப் பாணி இன்றும் காதில் விழுகிறதென்றால் அப்படிப் பிடித்துக்கொண்டதால்தான். அதையும் இதையும் நான் போட்டுக் குழப்பவில்லை. செம்பு வரைகிற பிள்ளைக்கு எதிரே செம்பு இருக்கிறது. அதைப் பார்க்கவிட்டால் போதும்.

சரி, இதெல்லாம் காலேஜ் சமாசாரம், எங்கள் நிலைமை தெரியுமா என்று முன்வரிசையில் ஒருவர் முகத்திலேயே எழுதி வைத்திருக்கிறார். தெரியும் ஐயா. 2012-இல் அரசுப் பள்ளிகளுக்குப் பகுதிநேர ஆசிரியர்களாக எடுத்தபோது மாதம் 5,000 ரூபாய், வாரத்துக்கு மூன்று அரை நாள். மீதி நேரம் உங்களுடையதுதானே, வரையலாமே என்று சொன்னால் அதைவிடக் குரூரம் இல்லை. மீதி நேரத்தில் வீட்டு வாடகைக்கு ஓட வேண்டும். முன்பெல்லாம் டிராயிங் மாஸ்டருக்குக் கடைப் பலகை எழுதுகிற வேலையாவது கிடைத்தது. ஃபிளெக்ஸ் வந்து அதையும் கொண்டுபோய்விட்டது. பள்ளிக்குள்ளே போனால் ஆண்டு விழா மேடை, கரும்பலகை அலங்காரம், சயின்ஸ் ரெக்கார்டில் தவளை. ஓவிய பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் கேட்டால் கொடுத்தாக வேண்டும். கடன் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. ஒரு ஆசிரியர் வரையவில்லை என்றால் அது அவருடைய சோம்பேறித்தனம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். சம்பளமும் கால அட்டவணையும் போடுகிறவர்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அது.

அதுவரை செய்யக்கூடியது சின்ன விஷயம்தான். உங்களுடைய ஒரு படத்தை, முடியாத படத்தை, வகுப்பு மூலையில் மாட்டி வையுங்கள். பிள்ளைகள் வரையும்போது பத்து நிமிஷம் நீங்களும் அதில் கை வையுங்கள். அழியுங்கள், திரும்பப் போடுங்கள். அவர்கள் பார்க்கட்டும். உங்கள் கைக்கும் வேலை கிடைக்கும், அவர்கள் தாளும் தப்பிக்கும்.

ஒரு ஆசிரியை துண்டுச் சீட்டில் கேட்டிருக்கிறார்: "மாவட்டப் போட்டிக்குப் போகிற படத்தை நீங்களே கொஞ்சம் சரிசெய்து கொடுங்கள் என்று தலைமை ஆசிரியர் சொல்கிறார். பரிசு வந்தால் பள்ளிக்குப் பெயர். என்ன செய்வது?" அம்மா, இன்னொரு தாளை எடுங்கள். பிள்ளை பக்கத்தில், அது உட்கார்ந்திருக்கிற உயரத்தில் உட்காருங்கள். அதே படத்தை உங்கள் தாளில் வரைந்து காட்டுங்கள். எந்த இடத்தில் உங்களுக்கே கஷ்டமாக இருந்தது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அப்புறம் உங்கள் தாளைப் பைக்குள் வைத்துவிட்டு எழுந்துவிடுங்கள். பிள்ளை வரைந்ததைப் போட்டிக்கு அனுப்புங்கள். பரிசு வராமலும் போகலாம். தலைமை ஆசிரியரிடம் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.