சிறுகுடலைத் துளைக்கும் டி-செல் லிம்போமா

(திரையில்: சிறுகுடலின் வரைபடம்)

வணக்கம். மாதக்கணக்கில் வயிற்றுவலி, நிற்காத வயிற்றுப்போக்கு, வேட்டி இடுப்பில் தங்காத அளவுக்கு உடல் மெலிவு என்று கடலூர் முதுநகரிலிருந்து ஒருவர் மருத்துவரிடம் வந்தால், குடல் காசநோயாக இருக்குமோ என்ற சந்தேகம்தான் முதலில் எழும். நம் நாட்டில் அந்நோய் பரவலாக இருப்பதால் அந்தச் சந்தேகம் நியாயமானதே. ஆனால் மிக அரிதாக, இதே அறிகுறிகள் குடல் டி-செல் லிம்போமா என்ற, வேகமாக முற்றும் புற்றுநோயாலும் வரக்கூடும்.

குடலின் உட்சுவரில் கிருமிகளை எதிர்த்துக் காவல் நிற்கும் டி-செல்கள் என்ற வெள்ளை அணுக்களே இந்நோயில் கட்டுப்பாடின்றிப் பெருகுகின்றன. அவை சுவரின் எல்லா அடுக்குகளிலும் ஊடுருவிப் புண்ணாக்குவதால், குடலில் ஓட்டை விழுந்து, அவசர அறுவை சிகிச்சைக்குப் பிறகே நோய் தெரியவந்தவர்கள் பலர்.

இதில் முக்கியமாக இரண்டு வகைகள் உண்டு. ஐரோப்பியரிடம் அதிகம் காணப்படும் வகை, கோதுமையின் குளூட்டன் ஒவ்வாத சீலியாக் நோயைத் தொடர்ந்து வருவது. ஆசியாவில் அதிகம் காணப்படும் வகைக்கு அந்தத் தொடர்பு இல்லை என்பதால், 2016இல் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு அதற்குத் தனிப்பெயர் அளித்தது. எனவே சப்பாத்தியை நிறுத்திவிட்டால் இவ்வகை வராது என்று எண்ணுவதற்கு ஆதாரமில்லை.

(திரையில்: எண்டோஸ்கோப்பி செல்லும் பாதை)

சிறுகுடல் சுமார் 6 மீட்டர் நீளமுடையது. வாய்வழி எண்டோஸ்கோப்பி அதன் தொடக்கத்தையும், ஆசனவாய் வழியாகச் செல்லும் கொலனோஸ்கோப்பி அதன் கடைசிப் பகுதியையும் மட்டுமே எட்டுகின்றன. இந்நோயோ பெரும்பாலும் இடைப்பட்ட பகுதியில் தோன்றுகிறது. அங்கே சி.டி. ஸ்கேனும், பலூன் பொருத்திய எண்டோஸ்கோப்பி வழியாகச் சிறு திசுத் துண்டை எடுத்துச் சோதிக்கும் பயாப்சியும் தேவைப்படும். காசநோய் மாத்திரைகளை இரண்டு, மூன்று மாதங்கள் தவறாமல் சாப்பிட்டும் புண் ஆறவில்லை என்றால், மறுபடி பயாப்சி எடுக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். பயாப்சிக்கு முன்பே ஸ்டீராய்டு கொடுத்தால், வலி சற்றுக் குறைந்து, நோயின் அடையாளமும் மறைந்துபோகலாம்.

ஓட்டை விழுந்த பகுதியை அகற்றிய பின் கீமோதெரபியும், உடல் தாங்குமானால் இரத்த அணுக்களை உருவாக்கும், நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்களைக் கொண்டு செய்யும் மாற்று சிகிச்சையும் தரப்படுகின்றன. அப்படியும், பல ஆய்வுகளில் நோயாளிகளில் பாதிப் பேர் ஓராண்டைத் தாண்டவில்லை. மெலிந்த உடல் கீமோதெரபியைத் தாங்காது என்பதால், ஊட்டச்சத்தும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

வேறு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை முடிந்து புதுச்சேரி ஜிப்மருக்கு வருபவர்கள், ரிப்போர்ட்டுடன், மெழுகில் பதித்த திசு பிளாக்கையும் ஸ்லைடுகளையும் ஆய்வகத்தில் கேட்டு வாங்கி வாருங்கள். எந்த வகை லிம்போமா என்பதை உறுதிசெய்யும் கூடுதல் பரிசோதனைகளை அந்தச் சிறிய மெழுகுத் துண்டிலிருந்தே செய்ய முடியும்.