வாய்ப்பாடு ஒப்பிக்கும் சிப்

எல்லோருக்கும் வணக்கம்.

ஏழாம் வாய்ப்பாடு ஒப்பிக்கிற ஒரு பிள்ளையைக் கவனித்துப் பாருங்கள். நாற்பத்தொன்பது வரை மளமளவென்று வரும். அதற்கு மேல் மறந்துவிட்டால், எட்டையும் ஏழையும் பெருக்கிப் பார்க்க அந்தப் பிள்ளை முயல்வதில்லை. கடைசியாகச் சொன்ன எண்ணோடு ஏழைக் கூட்டி ஐம்பத்தாறு என்று சொல்லிவிடும். அந்தப் பிள்ளை செய்ததையே ஒரு சிப் செய்வது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு முழுக்க.

பிட்டுகளின் வரிசையைக் கலைக்கும் பகுதிக்கு இன்டர்லீவர் என்று பெயர். அது எதற்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். குறுந்தகட்டில் ஒரு கீறல் விழுந்தால் அடுத்தடுத்த பிட்டுகள் கொத்தாகப் போய்விடும். பிழை திருத்தும் குறியீட்டுக்கு இங்கொன்றும் அங்கொன்றுமாக வரும் பிழை எளிது, கொத்தாக வந்தால் திணறும். அதனால் எழுதும்போதே வரிசையைக் கலைத்து எழுதுகிறோம். படித்த பிறகு வரிசையைச் சரிசெய்தால் கீறல் சிதறிப்போகிறது.

1993-இல் ஜெனீவாவில் நடந்த தகவல் தொடர்பு மாநாட்டில் பெரூ, கிளாவியூ, திதிமாஜ்ஷிமா மூவரும் டர்போ கோடு என்ற பிழை திருத்தும் குறியீட்டை அறிமுகப்படுத்தியபோது, இந்தக் கலைத்தல் குறியீட்டின் உள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரே தரவு இரண்டு முறை குறியீடு செய்யப்படுகிறது, இரண்டாவது முறை கலைந்த வரிசையில். குறியீட்டிலிருந்து மூலத் தரவை மீட்கும் டீகோடரின் இரண்டு பாதிகளும் தங்கள் ஊகத்தை மாற்றி மாற்றிப் பகிர்ந்துகொள்கின்றன. ஒவ்வொரு சுற்றிலும் வரிசை கலையவேண்டும், மீண்டும் கூடவேண்டும். ஆக, அடுத்து மெமரியில் எந்த இடம் என்ற முகவரி ஒவ்வொரு கிளாக்கிலும், அதாவது சிப்பின் ஒவ்வொரு துடிப்பிலும், தயாராக இருக்கவேண்டும்.

அட்டவணை போட்டு வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். 4ஜி செல்பேசித் தரமான எல்.டி.இ.-யில் டர்போ கோடுக்கு 40 பிட் முதல் 6144 பிட் வரை 188 தரவு அளவுகள் உண்டு. எல்லாவற்றின் முகவரிகளையும் 13 பிட் வீதம் எழுதிவைத்தால் சுமார் 46 லட்சம் பிட் ஆகிறது. வரிசையைக் கலைக்க மட்டும் இவ்வளவு மெமரியா? மனசு ஒப்பவில்லை.

அதற்கு முந்தைய 3ஜி-யில் கலைக்கும் விதி இன்னும் சிக்கலானது. தரவை 5, 10 அல்லது 20 வரிசைகள் கொண்ட கட்டத்தில் நிரப்பி, பகா எண்களை வைத்து வரிசைக்குள் கலைத்து, வரிசைகளையே இடம் மாற்றி, கடைசியில் தரவில் இல்லாமல் கட்டத்தை நிரப்ப மட்டும் சேர்த்த போலி இடங்களைத் தள்ளவேண்டும். இந்தத் தள்ளுதல்தான் பெரிய தொல்லை. கிடைத்த முகவரி செல்லுமா செல்லாதா என்பது கணக்குப் போட்டு முடித்த பிறகுதான் தெரியும். பிழை திருத்தும் திறனில் அந்த விதிக்குக் குறை சொல்ல மாட்டேன். சிப்பின் மின்சுற்றை வரைய உட்கார்ந்தவர்கள்தான் பாடுபட்டார்கள்.

எல்.டி.இ.-யில் இருபடிச் சூத்திரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். 40 பிட் அளவுக்கு அது இப்படி: இட எண்ணை 3-ஆல் பெருக்கு, இட எண்ணின் வர்க்கத்தை 10-ஆல் பெருக்கு, இரண்டையும் கூட்டி 40-ஆல் வகுத்து மீதியை எடு. 6144-க்கு அந்த இரண்டு எண்கள் 263, 480. இதை அப்படியே சிப்பில் எழுதினால் என்ன ஆகும்? கடைசி இடமான 6143-க்கு வர்க்கத்தையும் 480-ஐயும் பெருக்கினாலே 1,811 கோடியைத் தாண்டும். 35 பிட் எண். அப்புறம் அதை 6144-ஆல் வகுக்கவேண்டும். ஒரு கிளாக்குக்குள் நடக்கிற காரியமா இது?

சரி, 6143-ஆம் இடத்துக்கு நாம் திடீரென்று போகிறோமா? இல்லையே. 0, 1, 2 என்று வரிசையாகத்தானே போகிறோம். 1, 4, 9, 16 என்ற வர்க்கங்களின் இடைவெளி 3, 5, 7. இடைவெளிகளின் இடைவெளி எப்போதும் 2. இருபடிச் சூத்திரம் எதுவானாலும் இரண்டாவது இடைவெளி மாறாது. வாய்ப்பாட்டுப் பிள்ளை ஒரு கூட்டலில் முடித்ததை நாம் இரண்டு கூட்டலில் முடிக்கலாம்.

40-க்கே போட்டுப் பார்ப்போம். முதல் முகவரி 0. முதல் தாவல், அதாவது அடுத்த முகவரிக்கு உள்ள இடைவெளி, 3-உம் 10-உம் சேர்ந்த 13. தாவல் ஒவ்வொரு முறையும் 20 கூடும். 13, 33, அடுத்து 53. அது 40-ஐத் தாண்டியதால் 40-ஐக் கழித்தால் மறுபடி 13. முகவரிகள் 0, 13, 6, 19, 12, 25, 18 என்று வருகின்றன. பெருக்கல் எங்கேயும் இல்லை, வகுத்தலும் இல்லை. 40-க்குக் குறைவான இரண்டு எண்களைக் கூட்டினால் 80-ஐத் தொடாது, ஆகவே மீதி எடுக்க ஒரே ஒரு கழித்தல் போதும். எண்ணைப் பிடித்து வைக்கும் இரண்டு ரெஜிஸ்டர், இரண்டு கூட்டி, ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு கழிப்பான். இவ்வளவுதான் மின்சுற்று. டீகோடர் பின்னோக்கி நடக்கும்போது இதையே கழித்துக்கொண்டு போனால் முந்தைய முகவரிகள் திரும்பக் கிடைக்கும். அட்டவணையில் மிஞ்சுவது அளவுக்கு இரண்டு எண் வீதம் 188 ஜோடி.

எனக்கு இதைவிடப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. வேகத்துக்காகத் தரவைச் சமத் துண்டுகளாக்கிப் பல டீகோடர்களை ஒரே நேரத்தில் ஓட்டுவார்கள். மெமரியையும் அதேபோல் பேங்க் என்ற தனித்தனிப் பகுதிகளாகப் பிரிப்பார்கள். ஒரே பேங்கில் இரண்டு டீகோடர்கள் மோதிக்கொண்டால் ஒன்று காத்திருக்கவேண்டும். நம் 40-ஐ நான்கு பத்துகளாகப் பிரியுங்கள். 1, 11, 21, 31 ஆகிய இடங்களின் முகவரிகள் 13, 3, 33, 23. எல்லாவற்றிலும் கடைசி இலக்கம் 3. அதாவது பேங்குக்குள் எல்லோருக்கும் ஒரே வரி, பேங்க் மட்டும் வேறு வேறு. மோதலே கிடையாது. அளவு சரியாக வகுபடும் எந்தத் துண்டுக்கும் இந்தச் சூத்திரம் இப்படித்தான் நடந்துகொள்ளும். வரி முகவரிக்கு ஒரே மின்சுற்று போதும், நான்கு பேரும் பகிர்ந்துகொள்ளலாம். கணிதம் செய்தவர்கள் சிப் வரைபவர்களை மனதில் வைத்துச் செய்த வேலை இது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள்மேல் நன்றி பொங்குகிறது.

இப்போது தாளை எடுங்கள். அடுத்த அளவு 48, எண்கள் 7, 12. முதல் தாவல் 19, அது ஒவ்வொரு முறையும் 24 கூடும். நாற்பத்தெட்டு முகவரிகளையும் கூட்டல் கழித்தலில் மட்டும் எழுதுங்கள். எந்த எண்ணும் இரண்டு முறை வரக்கூடாது. முடித்தவர்கள் பன்னிரண்டு பன்னிரண்டாகப் பிரித்து மோதல் இருக்கிறதா என்று பாருங்கள். நான் மேடையிலிருந்து இறங்கி வருகிறேன், சந்தேகம் இருந்தால் கேளுங்கள்.