கோல்டனுக்கும் போகவில்லை, பாலிக்வினுக்கும் போகவில்லை

நடுவர் அவர்களே, எதிரணித் தோழர்களே, சபையோரே, வணக்கம்.

அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு நடக்கும் தேர்தலில் மூன்றாவது வேட்பாளர் ஓட்டைப் பிரிக்கிறாரா, வாக்காளருக்கு வழி திறக்கிறாரா என்பது தலைப்பு. வழி திறக்கிறார் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் 2000-ஆம் ஆண்டு அதிபர் தேர்தலில் ஃபுளோரிடா மாநிலத்தை எடுத்துக்காட்டினார். புஷ் ஜெயித்தது 537 ஓட்டில்; மூன்றாவது வேட்பாளர் ரால்ஃப் நேடர் வாங்கியது 97,488; அதனால் அல் கோரைத் தோற்கடித்தவர் நேடர்தான் என்றார். எண்கள் சரி. ஆனால் அந்த வாக்குச்சீட்டில் புஷ், கோர் தவிர இன்னும் எட்டுப் பேர் இருந்தார்கள். எட்டுப் பேருமே 537-க்கு மேல் வாங்கியிருக்கிறார்கள். கடைசியில் வந்தவருக்குக்கூட 562. பிறகு நேடரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என்ன நியாயம்?

சரி, அது அதிபர் தேர்தல். நம் தலைப்புக்குரிய காங்கிரஸ் தொகுதிக்கு வருகிறேன்: மேய்ன் மாநிலத்தின் இரண்டாவது தொகுதி, 2018 நவம்பர். காடும் சிற்றூர்களுமாகப் பரந்து கிடக்கும் தொகுதி. பதவியில் இருந்தவர் குடியரசுக் கட்சியின் புரூஸ் பாலிக்வின். எதிர்த்து நின்றவர் ஜனநாயகக் கட்சியின் ஜாரெட் கோல்டன், முன்னாள் மரைன் படை வீரர். இவர்களோடு சுயேச்சையாக டிஃபனி பாண்ட், வில் ஹோர் என்று இரண்டு பேர்.

விருப்ப வரிசை முறையில் அமைந்த அந்த வாக்குச்சீட்டைக் கொஞ்சம் கண்முன் கொண்டுவாருங்கள். இடப்பக்கம் மேலிருந்து கீழாகப் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேராக வரிசையாக வட்டங்கள்: முதல் தேர்வு, இரண்டாம் தேர்வு, மூன்றாம் தேர்வு என்று. வாக்காளர் தன் மனசுக்குப் பிடித்தவருக்கு முதல் வட்டத்தைக் கறுப்பாக்கலாம். அவர் தேறாவிட்டால் இவர் பரவாயில்லை என்று இன்னொருவருக்கு இரண்டாம் வட்டத்தைக் கறுப்பாக்கலாம். விருப்பமில்லையா, மற்றதை வெறுமையாக விட்டுவிடலாம்.

முதல் சுற்றில் பாலிக்வின் 1,34,184, கோல்டன் 1,32,013. யாரும் பாதியைத் தாண்டவில்லை. சுயேச்சைகள் இருவருக்கும் சேர்த்து 23,427. அதிக ஓட்டு வாங்கியவரே ஜெயிக்கும் பழைய முறையாக இருந்திருந்தால் நூற்றுக்கு 46 பேர் ஆதரவோடு பாலிக்வின் ஜெயித்திருப்பார். நம் எதிரணியினர் பாண்டையும் ஹோரையும் திட்டித் தீர்த்திருப்பார்கள். இங்கே அப்படி நடக்கவில்லை. தலைநகர் அகஸ்டாவுக்கு எல்லா ஊர் வாக்குகளையும் கொண்டுவந்து, அந்த இருவரை நீக்கி, அவர்களுக்கு ஓட்டுப் போட்டவர்களின் அடுத்த தேர்வைக் கணக்கில் சேர்த்தார்கள். கோல்டன் 1,42,440, பாலிக்வின் 1,38,931. பாலிக்வின் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனார். நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார்.

இதில் என் மனசைத் தொட்டது வெற்றி தோல்வி இல்லை. அந்த 23,427 பேரும் எங்கே போனார்கள் என்று பாருங்கள். சுமார் 10,400 கோல்டனுக்கு. சுமார் 4,700 பாலிக்வினுக்கு. மீதி ஏறத்தாழ 8,000 ஓட்டு இரண்டு பேருக்குமே போகவில்லை. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்! "இவர் நிற்காவிட்டால் அத்தனை ஓட்டும் எங்களுக்குத்தான்" என்று ஒவ்வொரு தேர்தலிலும் சொல்கிறார்களே, அந்தப் பேச்சைச் சோதித்துப் பார்க்க நமக்குக் கிடைத்த அருமையான ஆதாரம் இது. பிரிக்க வேண்டுமானால் முதலில் அது ஒருவர் கையில் இருந்திருக்க வேண்டும். அந்த ஓட்டுகள் எந்தக் கட்சியின் கையிலும் இருந்ததில்லை.

இன்னொன்று. மேய்ன் மக்கள் இந்த முறைக்கு வந்து சேர்ந்த கதை. 2010 ஆளுநர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் பால் லெபேஜ் 38 சதவீதத்துக்கும் குறைவாக வாங்கி ஜெயித்தார். இரண்டாவது வந்தவர் ஒரு சுயேச்சை. மூன்றாவது வந்தவர் யார் தெரியுமா? ஜனநாயகக் கட்சியின் அதிகாரபூர்வ வேட்பாளர் லிபி மிட்செல், சுமார் 19 சதவீதத்தோடு. எதிரணியினரின் அளவுகோலை வைத்தால் அங்கே ஓட்டைப் பிரித்தவர் பெரிய கட்சிக்காரர்தான். அவரை அப்படி யாராவது சொல்வோமா? மாட்டோம். கட்சி பெரிதாக இருந்தால் உரிமை, சின்னதாக இருந்தால் குற்றமா?

2016-ல் அந்த மாநில மக்கள் பொது வாக்கெடுப்பில் விருப்ப வரிசை முறையைக் கொண்டுவந்தார்கள். சட்டமன்றம் அதைத் தள்ளிப்போட்டது. மக்கள் மறுபடியும் கையெழுத்துத் திரட்டி, 2018 ஜூனில் இன்னொரு வாக்கெடுப்பில் அந்தத் தடையை நீக்கினார்கள். மூன்றாவது ஆளைத் துரத்தத் தெரியாமலா இத்தனை பாடுபட்டார்கள்? எண்ணும் முறையில்தான் கோளாறு என்று கண்டுகொண்டு அதைச் சரிசெய்தார்கள்.

வாக்காளர் குழம்பிப்போவார் என்கிறார்கள். இலங்கையில் அதிபர் தேர்தல் வாக்குச்சீட்டில் விருப்பு வாக்கு எப்போதோ வந்துவிட்டது. 2024 செப்டம்பரில் முதன்முறையாக அது இரண்டாம் சுற்றில் எண்ணப்பட்டு, அடுத்த நாளே முடிவும் வந்தது.

நடுவர் அவர்களே, எனக்கு அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பரிடம் ஒன்றே ஒன்று கேட்டு அமர்கிறேன். நாளைக்கே பாண்டும் ஹோரும் போட்டியிடக் கூடாது என்று தடுத்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த 8,000 பேரை எந்தப் பட்டியலில் சேர்ப்பீர்கள், எந்த உரிமையில் சேர்ப்பீர்கள் என்று அவர் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.