ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வாழ்த்துரை வழங்கிய கல்லூரி முதல்வர் அவர்களே, எனக்கு முன் பேசி அரங்கைக் கட்டிப்போட்ட பேராசிரியர் அவர்களே, இடமில்லாமல் நின்றுகொண்டே கேட்கும் மாணவச் செல்வங்களே, வணக்கம். தலைவர் எனக்குக் கூடுதலாகப் பத்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார். அந்தப் பெருந்தன்மைக்கு நன்றி.

காட்மியம், காரீயம், தாமிரம் போன்ற கன உலோகங்களை நீர்த்தாவரங்கள் எப்படி வாங்குகின்றன, எப்படித் தாங்குகின்றன, எந்த உலோகத்துக்கு எந்தச் செடி என்று மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்.

'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்றார்கள் முன்னோர். நாம் போடுவதில் குறை வைக்கவில்லை, அளப்பதைத்தான் விட்டுவிட்டோம். ஜப்பானில் ஜின்சு ஆற்றில் சுரங்கக் கழிவோடு காட்மியம் இறங்கியது. அந்த நீர் பாய்ந்த வயலின் அரிசியை உண்டவர்களுக்கு எலும்பு நொறுங்கியது. 'வலிக்கிறது, வலிக்கிறது' என்ற அவர்களுடைய அலறலே, 'இடாய் இடாய்' என்று நோய்க்குப் பெயரானது. 1968-இல்தான் அரசு காரணத்தை ஒப்புக்கொண்டது.

வெங்காயத்தாமரையின் வேரைப் பாருங்கள். கறுத்த தாடிபோல் தொங்கும் அந்த வேரில் காட்மியமும் காரீயமும் ஒட்டிக்கொள்கின்றன. சுற்றியுள்ள நீரில் இருப்பதைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேல் சேர்வதுண்டு. பெரும்பங்கை வேரிலேயே நிறுத்திவிட்டு, இலைக்குக் கொஞ்சமாகத்தான் அனுப்புகிறது. உள்ளே நுழைந்த காட்மியத்தை ஃபைட்டோகெலாட்டின் என்ற சிறு புரதத்துண்டு பிடித்துக் கட்டி, செல்லுக்குள் இருக்கும் குமிழறையில் பூட்டிவிடுகிறது. ஆனால் பூட்டுவதற்கும் ஓர் அளவு உண்டு. அது மீறினால் பச்சையத்தின் நடுவிலுள்ள மெக்னீசியத்தைத் தள்ளிவிட்டு உலோகம் அந்த இடத்தில் உட்கார்ந்துவிடும். இலை வெளுக்கும்.

ஒன்று சொல்ல வேண்டும். நான் பாடம் நடத்திய காலத்தில், லெம்னா என்ற மிதக்கும் குட்டிச்செடியை ஆறு கண்ணாடிக் குவளைகளில் விட்டோம். தாயும் இரண்டு மூன்று குட்டிகளுமாக ஒட்டிக்கொண்டு மிதக்கும் செடி அது. ஒரு குவளையை விட்டுவிட்டு, மற்றவற்றில் மயில்துத்தம் என்ற தாமிர உப்பின் கரைசலைச் சொட்டுக் கணக்கில் கூட்டிக்கொண்டே போனோம். மறுநாள் காலையில் மாணவி ஒருத்தி மூச்சிரைக்க ஓடிவந்தாள். "ஐயா, குட்டியெல்லாம் அம்மாவை விட்டுப் பிரிஞ்சு தனித்தனியா கிடக்குது!" போய்ப் பார்த்தேன். தண்ணீரில் நிறமில்லை, நாற்றமில்லை, கண்ணாடிபோல் தெளிவு. குடும்பம் மட்டும் உடைந்து கிடந்தது. தாமிரம் மிகுந்தால் லெம்னா அப்படித்தான் கலையும் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்தப் பிள்ளை அழுத முகத்தை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. துத்தம் விடாத குவளையில் மட்டும் குட்டிகள் கூடியிருந்தன. அதைக் கையில் ஏந்திக்கொண்டு வகுப்பு முழுவதும் காட்டினாள்.

அன்று முதல் ஒரே கோரிக்கையோடு மேடை மேடையாக ஏறுகிறேன். ஆற்று நீரை ஒரு புட்டியில் பிடித்தால், அந்த நொடியில் ஓடிய நீர் மட்டுமே கிடைக்கும். இரவில் திறந்துவிட்ட கழிவு காலையில் கடலுக்குப் போயிருக்கும். வேர் போகாது, பல வாரம் வந்ததையெல்லாம் சேர்த்து வைத்திருக்கும். எனவே நீர்ச் சோதனையோடு செடிச் சோதனையையும் கட்டாயமாக்க வேண்டும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு. அளக்கும் கோல் கரையோரத்திலேயே மிதக்கிறது!

சேர்த்ததை அழுகும்போது செடி திரும்ப ஆற்றிலேயே விட்டுவிடும். ஆகவே சோதித்த கையோடு அறுத்து அப்புறப்படுத்தவும் வேண்டும். அதை மாட்டுக்கும் போடக்கூடாது, எருவாக்கவும் கூடாது.

மனு வாசலருகே மேசையில் இருக்கிறது. தலைவர் முதல் கையெழுத்தைப் போட்டுவிட்டார். அடுத்த பக்கம் காலியாக இருக்கிறது, வாருங்கள்.