கப்பலில் எத்தனை ஆள்?

நண்பர்களே, வணக்கம்.

என் கையில் இருக்கும் இந்த மரவில்லை பின்வரிசையில் இருப்பவர்களுக்குத் தெரியாது. சட்டைப் பொத்தான் அளவுதான். கரும்பழுப்பு நிறம். முகம் கிடையாது, எழுத்து கிடையாது. இன்று நான் பேசப்போவது பெரும்பாலும் இதைப் பற்றித்தான்.

இது 'புவெர்ட்டோ ரிக்கோ' என்ற பலகை விளையாட்டின் காய். ஆண்ட்ரியாஸ் சேஃபார்ட் என்ற ஜெர்மானியர் உருவாக்கிய ஆட்டம், 2002இல் வந்தது. போர்டு கேம் ஆடுகிறவர்களின் இணையத் தரவரிசையில் பல ஆண்டுகள் முதலிடத்தில் இருந்தது. நானும் நண்பர்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆறேழு வருடம் இதை விடாமல் ஆடியிருக்கிறோம். இதன்மேல் எனக்கு இருந்த பிரியத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பகடை இல்லை. அதிர்ஷ்டத்துக்கு மிகக் குறைந்த இடம். ஒருவர் ஒரு வேலையைத் தேர்ந்தெடுத்தால் மேசையில் இருக்கும் எல்லோரும் அதைச் செய்யலாம் என்பதால், அடுத்தவர் முறையிலும் மூளைக்கு ஓய்வு கிடையாது. அருமையான கட்டுமானம்.

ஆட்டம் இப்படிப் போகும். ஆளுக்கொரு தீவுப் பலகை. அதில் சோளம், அவுரி, கரும்பு, புகையிலை, காப்பி என்று தோட்டம் போடவேண்டும். ஆனால் தோட்டம் தானாக விளையாது. ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு வட்டம் இருக்கும். அதில் இந்தப் பழுப்பு வில்லை ஒன்று உட்கார்ந்தால்தான் விளைச்சல். ஆலைக்கும் அப்படியே. விளைந்ததைப் பீப்பாயாக்கி ஐரோப்பாவுக்கு ஏற்றி அனுப்பினால் வெற்றிப் புள்ளி. சரி, வில்லைகள் எங்கிருந்து வருகின்றன? கப்பலில் வருகின்றன. ஒரு கப்பல் காலியானதும், எல்லோருடைய கட்டடங்களிலும் எத்தனை வட்டம் காலியாக இருக்கிறது என்று எண்ண வேண்டும். அந்த எண்ணிக்கைக்கு ஏற்ப அடுத்த கப்பலில் வில்லைகளை ஏற்றிவைக்க வேண்டும்.

விதிப்புத்தகம் இந்த வில்லைக்கு வைத்த பெயர் 'குடியேறி'.

புதிதாக வருகிறவர்களுக்கு நான்தான் ஆட்டத்தைச் சொல்லிக்கொடுப்பேன், தமிழில். ஒருநாளும் 'குடியேறி' என்று என் வாயில் வந்ததில்லை. "கப்பல்ல எத்தனை ஆள் வந்திருக்கு? மூணா? கரும்புக்கு ஓர் ஆள் போடு, ஆலைக்கு ரெண்டு ஆள் போடு." இப்படித்தான் வரும். வருடக்கணக்கில் சொல்லிவந்த அந்த வாக்கியம், ஒரு ஞாயிற்றுக்கிழமை என் காதிலேயே விழுந்தது. கரும்புக்கு ஆள் போடு. ஒரு கங்காணி பேசியிருக்கக்கூடிய வாக்கியம் அது. அன்றைக்கு ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டேன்.

1860ஆம் ஆண்டு சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் 342 பேரை ஏற்றிக்கொண்டு போய், நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சேர்ந்தது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன முதல் கூட்டம் அது. இலங்கையில் காப்பித் தோட்டத்துக்கும் அப்புறம் தேயிலைத் தோட்டத்துக்கும் போனவர்கள், மலேயாவில் ரப்பர் பால் வெட்டப் போனவர்கள், இவர்களின் கொள்ளுப்பேரப் பிள்ளைகள் இந்த அரங்கிலேயே இருக்கலாம். எந்தத் தோட்டத்துக்கு எத்தனை கை வேண்டும் என்ற கணக்கு முதலில். அந்தக் கணக்குக்கு ஆள் பிடிப்பது பிறகு. ஆட்டத்தின் கப்பல் விதி அந்த நடைமுறையைத்தான் அப்படியே எழுதி வைத்திருக்கிறது. என் வாய் சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. நான் கவனிக்கவில்லை.

ஆட்டத்துக்குப் பெயர் தந்த, கரீபியனில் இருக்கும் புவெர்ட்டோ ரிக்கோத் தீவின் கதை இன்னும் கொடியது. அங்கே வாழ்ந்த டாயினோ மக்கள் தங்கள் தீவைப் போரிகேன் என்றார்கள். 1493இல் கொலம்பஸ் அங்கே போனார். 1508இல் ஸ்பானியக் குடியேற்றம் தொடங்கியது. தங்கச் சுரங்க வேலை, அம்மை நோய், அடக்குமுறை என்று சில பத்தாண்டுகளில் டாயினோ சமூகம் நொறுங்கிப்போனது. பிறகு ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களைப் பிடித்து அடிமைகளாக இறக்கினார்கள். அங்கே அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1873 மார்ச் 22 அன்றுதான். அன்று விடுதலையானவர்கள் ஏறக்குறைய 30,000 பேர். அதற்குப் பிறகும் மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் கட்டாயம் வேலைசெய்ய வேண்டும் என்று அந்தச் சட்டமே சொன்னது.

இந்தப் பெட்டிக்குள் டாயினோ என்ற சொல்லே இல்லை. தீவுப் பலகை காலியாகத்தான் தொடங்கும். வில்லை சோறு கேட்காது, கூலி கேட்காது, சாகாது, ஓடாது. இதை உருவாக்கியவர் இனவெறியர் என்று நான் சொல்லவரவில்லை. யோசித்துப் பார்த்தால் இது எப்படி வந்தது என்பது புரிகிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனியில் குடும்பம் உட்கார்ந்து ஆடும் ஆட்டத்தில் போர் என்றாலே ஒரு கூச்சம் இருந்தது. டாங்கியும் படையும் எதற்கு, கட்டுவது, விதைப்பது, வியாபாரம் செய்வது போதுமே என்று அங்குள்ள வடிவமைப்பாளர்கள் வேறு பக்கம் திரும்பினார்கள். 1979 முதல் கொடுக்கப்படும் 'ஆண்டின் சிறந்த விளையாட்டு' விருதும் இந்தப் போக்குக்கு ஊக்கம் தந்தது. நல்ல நோக்கம்தான், எனக்கும் பிடித்த நோக்கம். ஆனால் சண்டை இல்லாமல் கப்பல், சரக்கு, புது நிலம் எல்லாம் வேண்டும் என்று தேடியபோது அவர்களுக்குக் கிடைத்தது 16 முதல் 18ஆம் நூற்றாண்டு வரையான காலனிய வியாபாரம். போரை வெளியே தள்ளினார்கள். காலனியத்திலிருந்து போரை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது பீப்பாய்தானே? அதனால் அது அமைதியான தொழில்போலத் தெரிந்தது.

1995இல் அந்த விருதை வாங்கிய 'கட்டான்' உங்களில் பலர் ஆடியிருப்பீர்கள். ஆளில்லாத தீவில் ஊர் கட்டும் ஆட்டம். அதை உருவாக்கிய கிளாவுஸ் டாய்பர், வைக்கிங்குகள் ஐஸ்லாந்தில் குடியேறிய கதையிலிருந்து தூண்டுதல் பெற்றவர். ஐஸ்லாந்து கிட்டத்தட்ட மனிதர் இல்லாத தீவாகவே இருந்தது. ஆகவே கட்டானின் காலி நிலத்தில் நியாயம் இருக்கிறது. அதே காலி நிலத்தைக் கரீபியனிலும் ஆப்பிரிக்காவிலும் விரித்தபோதுதான் பொய்யானது.

"விளையாட்டுதானே, சதுரங்கத்தில்கூடப் படை இருக்கிறது, வெட்டு இருக்கிறது" என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். சதுரங்கத்தில் இரண்டு பக்கமும் ராஜா இருக்கிறார். வெள்ளைக்கு ஒருவர் யோசிக்கிறார், கறுப்புக்கு ஒருவர் யோசிக்கிறார்.

சமபலம் இல்லாத ஆட்டம் வேண்டுமா? நம் கோயில் மண்டபத் தரைகளில் பொறித்திருக்கும் ஆடு புலி ஆட்டத்தைப் பாருங்கள். 3 புலி, 15 ஆடு. புலி தாண்டி வெட்டலாம். ஆட்டால் வெட்ட முடியாது. இவ்வளவு ஓரவஞ்சனையான விதிகள் இருந்தும், ஆடுகளின் பக்கம் ஒரு மனிதர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். ஆடுகளுக்கு ஒரு திட்டம் இருக்கிறது. புலியை நகரவிடாமல் அடைத்துவிட்டால் ஆடு ஜெயித்தது. சின்ன வயதில் என் பாட்டியிடம் நான் புலியை வைத்துக்கொண்டு தோற்ற ஆட்டங்களுக்குக் கணக்கில்லை. புவெர்ட்டோ ரிக்கோவில் ஐந்து பேர் உட்காரலாம். ஐந்து பேரும் புலிதான். ஆட்டுக்கு நாற்காலியே போடவில்லை. என்னை உறுத்துவது அட்டைப் படமோ பெயரோ இல்லை, இந்த நாற்காலிதான்.

கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் பதிப்பாளர்கள் செய்த மாற்றங்களையும் நான் இதைவைத்தே பார்க்கிறேன். 2014இல் வந்த 'ஃபைவ் ட்ரைப்ஸ்' ஆட்டத்தில் அடிமை அட்டைகள் இருந்தன. எதிர்ப்பு வந்ததும் அடுத்த அச்சில் ஃபக்கீர் அட்டைகளாயின. ஆப்பிரிக்காவைப் பங்குபோடும் 'ஸ்க்ராம்பிள் ஃபார் ஆப்பிரிக்கா' என்ற ஆட்டத்தை ஜிஎம்டி என்ற விளையாட்டுப் பதிப்பு நிறுவனம் 2019இல் முன்பதிவுப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. 2015இல் வந்த 'மொம்பாசா'வில் ஆப்பிரிக்கா முழுக்க வணிகக் கம்பெனிகள் பரவும், நாம் பங்கு வாங்குவோம். காலனியம் மனித வரலாற்றின் இருண்ட பகுதி, ஆப்பிரிக்க மக்களின் மேல் நடந்த சுரண்டலை இந்த ஆட்டம் வெளிப்படையாகக் காட்டவில்லை என்று அதன் விதிப்புத்தகமே ஒரு குறிப்பு போட்டது. அதே ஆட்டம் 2022இல் 'ஸ்கைமைன்ஸ்' என்ற பெயரில் நிலவுச் சுரங்கத்துக்குப் போய்விட்டது. காலி நிலம்தான் வேண்டும் என்றால் நிலவு நேர்மையான இடம். எனக்கு அதில் சம்மதம்.

புவெர்ட்டோ ரிக்கோவும் 2022இல் 'புவெர்ட்டோ ரிக்கோ 1897' என்று மறுபடி வந்தது. ஸ்பெயின் தன்னாட்சி கொடுத்த ஆண்டு அது. இப்போது நாம் அந்தத் தீவின் விவசாயிகள், வில்லைகள் தொழிலாளர்கள். மரியாதையோடு செய்த வேலை. ஆனாலும் விதிகள் பெரும்பாலும் பழையவையே, வில்லைக்கு இன்னும் வாய் இல்லை. தன்னாட்சி கிடைத்த அடுத்த ஆண்டே, 1898 ஜூலையில், அமெரிக்கப் படை அந்தத் தீவில் இறங்கிவிட்டது. ஆட்டம் அந்தச் சின்ன இடைவெளிக்குள் நின்றுகொள்கிறது.

நாற்காலியை நகர்த்திப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். எரிக் ராய்ஸ் உருவாக்கிய 'ஸ்பிரிட் ஐலண்ட்' 2017இல் வந்தது. இதில் நாம் ஒரு தீவின் காவல் தெய்வங்கள். ஐரோப்பியர்கள் அட்டை விதிப்படி தாங்களாகவே வருவார்கள், ஊர் கட்டுவார்கள், நிலத்தைப் பாழாக்குவார்கள். கட்டானில் நாம் ஆசையாகச் செய்யும் அதே வேலை, எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்கிறோம். வந்தேறிகளின் காய்கள் வெள்ளைப் பிளாஸ்டிக், தீவின் மக்களான டஹானின் காய்கள் மரம். கையில் தொட்டாலே வித்தியாசம் தெரியும். முதல் தடவை ஆடியபோது எனக்குத் தொண்டை அடைத்தது. ஒரு குறை சொல்ல வேண்டும் என்றால், நாற்காலி கிடைத்தது தெய்வங்களுக்கு. டஹான் மக்கள் இங்கேயும் பெரும்பாலும் காய்தான்.

அடுத்து, நம் ஊர் வரும் ஆட்டம். கோல் வெர்லே என்ற அமெரிக்கரின் 'ஜான் கம்பெனி'. 2017இல் முதல் பதிப்பு, 2022இல் திருத்திய பதிப்பு. கிழக்கிந்தியக் கம்பெனிதான் கதை. நாம் ஒவ்வொருவரும் ஓர் ஆங்கிலேயக் குடும்பம். நம் பையன்களைக் கம்பெனியில் சேர்த்துவிடுவோம். பம்பாய், வங்காளம், சென்னை மாகாணங்களின் தலைமைக்குச் சிபாரிசு பிடிப்போம். கம்பெனிப் பணத்தைக் கொட்டிப் பகடை உருட்டுவோம். கம்பெனி திவாலானாலும் பரவாயில்லை, நம் வீட்டுப் பையன் பணத்தோடு இங்கிலாந்து திரும்பி மாளிகை வாங்கினால் போதும், புள்ளி. பேராசை எப்படி ஒரு நிர்வாகமாக நடந்தது என்பதை இவ்வளவு துல்லியமாக எனக்குக் காட்டிய பாடப்புத்தகம் இல்லை. பலகையில் 'மெட்ராஸ்' என்ற எழுத்தின்மேல் ஆள் வைத்தபோது கை கூசியது. அந்தக் கூச்சத்தை ஆட்டம் வேண்டுமென்றே உண்டாக்குகிறது. ஆனால் இந்தியா இதில் மழை, புயல் மாதிரி. கலகங்கள் அட்டையிலிருந்து வரும். அடுத்த ஆபத்து எங்கே என்று ஒரு யானைக் காய் நின்று காட்டும். மைசூருக்காக யோசிக்க அங்கே ஒருவரும் இல்லை.

அதே வெர்லேயின் 'பாக்ஸ் பாமீர்' இன்னும் ஓரடி போகிறது. ஆப்கானிஸ்தானத்தில் பிரிட்டனும் ரஷ்யாவும் முட்டிக்கொண்ட 19ஆம் நூற்றாண்டு. அதில் நாம் ஆப்கானியத் தலைவர்கள். இரண்டு வல்லரசுகளும் நாம் பயன்படுத்திக்கொள்ளும் கருவிகள். இங்கே ஆடு உட்கார்ந்து யோசிக்கிறது. நான் ஆடியவற்றில் இந்தக் கேள்விக்கு மிக நெருக்கமாக வந்த ஆட்டம் இதுதான்.

இனி எங்கள் மேசைக்கு வருகிறேன். பாதியில் விட்ட அந்தப் பெட்டியைத் தூக்கிப்போட எனக்கு மனம் வரவில்லை. சென்ற மாதம் ஒரு விதி எழுதிப் பார்த்தோம். நால்வர் தோட்டக்காரர்கள்; ஐந்தாமவர் வில்லைகளின் பக்கம். சுற்றுக்கு ஒரு முறை அவர் ஏதாவதொரு தோட்டத்திலிருந்து ஒரு வில்லையை எடுத்து, பலகைக்கு வெளியே ஒரு தாளில் வரைந்த மலையில் வைக்கலாம். கரீபியன் தீவுகளில் அடிமைகள் மலைகளுக்குத் தப்பி ஓடி ஊர் கட்டியிருக்கிறார்கள், அந்த நினைவில் வைத்த மலை. அவ்வளவுதான் விதி. நாலாவது சுற்றில் கரும்பு நின்றுபோனது. ஆறாவது சுற்றில் துறைமுகத்தில் மூன்று சரக்குக் கப்பலும் பீப்பாய் இல்லாமல் நின்றன. தோட்டக்காரர்கள் நால்வரும், அதுவரை ஒருவரை ஒருவர் கவிழ்க்கப் பார்த்தவர்கள், வில்லைக்காரரைத் தடுக்கப் புதிது புதிதாக விதி கேட்க ஆரம்பித்தார்கள். காவல்காரர் வேண்டும் என்றார் ஒருவர். தப்பிய வில்லைக்கு அபராதம் என்றார் இன்னொருவர். சொல்லி முடித்ததும் தாங்கள் கேட்டது என்ன என்று அவர்களுக்கே புரிந்து, மேசை அமைதியாகிவிட்டது. ஆட்டம் முடியவில்லை.

அந்தப் பெட்டியும் மலை வரைந்த தாளும் வெளிவராந்தா மேசையில் இருக்கின்றன. தேநீருக்குப் பிறகு மறுபடி ஆடப்போகிறோம். தோட்டக்காரர்கள் நால்வரும் தயார். வில்லைகளின் பக்கம் உட்கார ஒருவர் வேண்டும்.