நாமினி பெயர் இல்லாத பாஸ்புக்

(மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் கூட்டமைப்பின் தலைவி அவர்களே, செயலாளர், பொருளாளர் அவர்களே, மாதக் கடைசி வேலையையும் ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கும் வங்கிக் கிளை மேலாளர் அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, மகளிர் திட்ட வட்டார ஒருங்கிணைப்பாளர் அவர்களே, எனக்கு முன்னால் அருமையாகப் பேசி அமர்ந்திருக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, உள்ளே வரக் கூச்சப்பட்டுப் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அண்ணன்மார்களே, வெயிலென்றும் பாராமல் வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, சகோதரிகளே, அனைவருக்கும் வணக்கம். யார் பெயரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொன்னாடையில் அதைச் சரிசெய்துவிடுவார்கள்.

மேலாளர் அவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி. குழுப் பெண்கள் கவுன்டரில் வந்து நின்றால் உட்காரச் சொல்லும் கிளை என்று இந்தக் கிளைக்குப் பெயர் இருக்கிறது. அந்தப் பெயரை நம்பித்தான் கடைசியில் அவரிடம் ஒரு கோரிக்கை வைக்கப் போகிறேன். அவரும் ஆறு மணி வரை இருப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்.

பெண்களுக்கு நிதிக் கல்வி என்பது இன்றைக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு. நான்கு விஷயம் பேசலாம் என்று எழுதி வந்தேன். ஒன்று வட்டி. இரண்டு காப்பீடு. மூன்று சேமிப்பு. நான்கு செல்போனில் வரும் மோசடி. நான்குக்கும் அடியில் இருப்பது நம் பாட்டிமார் சொன்ன ஒரே வாக்கியம்தான்: ஆற்றில் போட்டாலும் அளந்து போடு. நிதிக் கல்வி என்று பெரிய பெயர் வைத்தாலும் அளக்கக் கற்றுக்கொடுப்பதுதான் அது.

பெண்களுக்குக் கணக்கு வராது என்று இந்த மாவட்டத்தில் யாராவது சொன்னால் சிரித்துவிட்டுப் போங்கள். 1989-இல் தருமபுரியில் முதல் மகளிர் குழுக்கள் தொடங்கின. 1992-இல் நபார்டு வங்கி குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. அன்றிலிருந்து சந்தாவையும் உள்கடனையும் வட்டியையும் பைசா பிசகாமல் நோட்டில் ஏற்றிக்கொண்டிருப்பவர்கள் நீங்கள். குழுக் கணக்கு துல்லியமாக இருக்கிறது. சொந்த வீட்டுக் கணக்குதான் டிரங்குப் பெட்டிக்குள் கிடக்கிறது. குறை அங்கேதான்.

இந்தப் பாடத்தை நடத்துகிறவர்களிடமும் ஒரு குறை உண்டு. 2025 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி நிதிக் கல்வி வாரத்தைப் பெண்களின் வளம் என்ற தலைப்பிலேயே நடத்தியது. நல்ல காரியம். ஆனால் ஊரில் நடக்கும் பல வகுப்புகளில் திரையைக் கட்டிப் படம் போட்டு, முதலீடு என்றால் என்ன, பணவீக்கம் என்றால் என்ன என்று விளக்கம் சொல்லி, ஆளுக்கொரு பையும் பேனாவும் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். கேட்டவர் வீட்டுக்குப் போனால் கையில் பேனாதான் இருக்கிறது. அவரவர் பாஸ்புக், அவரவர் கடன் அட்டை, அவரவர் பாலிசித் தாள் கையில் இருக்கும்போது நடத்தினால்தான் பாடம் ஒட்டும்.

முதலில் வட்டி. 12,000 ரூபாய் கடன், 12 மாதத் தவணை என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே ஒருவர் 12 சதவீத ‘ஃபிளாட்’ வட்டி என்கிறார். குழு உள்கடனோ நூற்றுக்கு இரண்டு ரூபாய், அதாவது ஆண்டுக்கு 24 சதவீதம். எது மலிவு என்று கேட்டால் பந்தல் முழுக்கப் பன்னிரண்டுக்குத்தான் கை தூக்கும். இப்போது அளப்போம்.

வெளியே வாங்கினால் வட்டி 1,440 ரூபாய். மாதம் 1,120 கட்ட வேண்டும். குழுவில் மாதம் ஆயிரம் அசலைக் கட்டிவிட்டு, மீதி அசலுக்கு மட்டும் வட்டி கட்டுகிறீர்கள். முதல் மாதம் 12,000-க்கு 240 ரூபாய், அடுத்த மாதம் 11,000-க்கு 220 ரூபாய், கடைசி மாதம் 1,000-க்கு 20 ரூபாய். மொத்தம் கூட்டினால் 1,560. பாதிக்குப் பாதி என்று தெரிந்த வித்தியாசம் கடைசியில் 120 ரூபாயாகச் சுருங்கிவிட்டது! அந்த வெளிக்கடனில் பரிசீலனைக் கட்டணம் என்று 200 ரூபாயைப் பிடித்துக்கொண்டு கொடுத்திருந்தால் குழுக் கடன்தான் மலிவு. குழுவில் கட்டும் வட்டி உங்கள் குழு நிதிக்கே திரும்பி வருகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஏன் இப்படி ஆகிறது? அசல் பாதிக்கு மேல் தீர்ந்த பிறகும் ஃபிளாட் வட்டி முழு 12,000-க்கே ஓடிக்கொண்டிருக்கிறது. உண்மையில் ஆண்டு முழுக்க உங்கள் கையில் சராசரியாக இருந்தது ஏறக்குறைய 6,500 ரூபாய்தான். அதற்கு 1,440 வட்டி என்றால் 12 சதவீதம் என்று சொன்னது 21 சதவீதத்தைத் தாண்டிவிடும். தண்டலில் நிலைமை இன்னும் மோசம். 10,000 என்று எழுதி 8,500 கொடுத்து, நாளுக்கு நூறாக நூறு நாள் வசூலித்தால் அது ஆண்டுக்கு 120 சதவீதம். 1,500 ரூபாய்தானே என்று தோன்றும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு. தண்டலில் வாங்கினால் இரண்டு முறை அளந்து பாருங்கள்.

இதற்கு ஒரு கருவியும் வந்திருக்கிறது. 2024 அக்டோபர் முதல் புதிதாகக் கடன் கொடுக்கும் வங்கியும் நிதி நிறுவனமும் முக்கிய விவரத் தாள் ஒன்றை உங்களுக்குப் புரியும் மொழியில் தந்தாக வேண்டும். கட்டணம் எல்லாவற்றையும் சேர்த்த ஆண்டு வட்டி விகிதம் அதில் இருக்கும். அதற்குப் பெயர் ஏ.பி.ஆர். ‘ஏ.பி.ஆர். எவ்வளவு?’ என்று மட்டும் கேளுங்கள். சிறுகடன் வாங்கியவர்களுக்கு இன்னும் மூன்று விஷயம். முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கேட்கக் கூடாது. தவணை தவறினால் தவறிய தொகைக்கு மட்டும்தான் அபராதம், முழுக் கடனுக்கு இல்லை. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பிறகும் வசூலுக்காகப் போன் செய்யக் கூடாது. இது 2022 ஏப்ரலிலிருந்து ரிசர்வ் வங்கியின் விதி.

இரண்டாவது காப்பீடு. இதைச் சொல்ல ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஊர் வேண்டாம், பேர் வேண்டாம். உங்கள் தெருவிலேயே நடந்ததுபோல இருந்தால் நான் பொறுப்பில்லை.

ஒரு பனியன் கம்பெனித் தொழிலாளி. இருபத்திரண்டு வயதில் வேலையில் சேர்ந்தார். சேர்ந்த அன்றே பி.எஃப்., அதாவது வருங்கால வைப்பு நிதிப் படிவம் கொடுத்தார்கள். நாமினி, அதாவது தனக்குப் பிறகு பணத்தை வாங்கிக்கொள்ளும் ஆள், யார் என்ற கட்டத்தில் அண்ணன் பெயரை எழுதினார். கல்யாணம் ஆகவில்லை, வேறு யாரை எழுதுவார்? பிறகு கல்யாணம் ஆயிற்று, ஒரு மகள் பிறந்தாள். சீமந்தத்துக்கு மண்டபம் பிடித்தார், மகள் காதுகுத்துக்குக் கிடா வெட்டினார், அண்ணனோடு வரப்புத் தகராறில் பேச்சுவார்த்தையும் நின்றது. எல்லாம் மாறியது, அந்தப் படிவம் மட்டும் மாறவில்லை. நாற்பத்தொன்றாம் வயதில், இரவு ஷிஃப்ட் முடிந்து வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

காரியம் முடிந்து அந்த அம்மா டிரங்குப் பெட்டியைத் திறக்கிறார். உள்ளே ஒரு பாஸ்புக், வைப்பு ரசீது ஒன்று, பழைய ரேஷன் கார்டு. பாஸ்புக்கில் கடைசி வரவு பதிந்து மூன்று வருடம். எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனால் நாமினி இல்லை, வாரிசுச் சான்றிதழ் கொண்டு வாருங்கள் என்கிறார்கள். இ-சேவை மையத்துக்குப் போகிறார். ஆதாரில் முன்னெழுத்து பின்னால் இருக்கிறது, இறப்புச் சான்றிதழில் முன்னால் இருக்கிறது, வங்கியில் முன்னெழுத்தே இல்லை. மூவரும் ஒருவரே என்று எழுதி வாங்கி வா என்கிறார்கள்! அதை வாங்கிச் சான்றிதழும் வந்த பிறகுதான் அடுத்த இடி. வாரிசுகளில் மாமியாரும் ஒருவர். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சமமாகத் தாய்க்கும் ஒரு பங்கு உண்டு. மாமியார் கையெழுத்துப் போட வேண்டும். மாமியார் இருப்பதோ மூத்த மகன் வீட்டில், அதாவது பேச்சுவார்த்தை இல்லாத அந்த அண்ணன் வீட்டில்.

அண்ணன் என்ன சொன்னார் தெரியுமா? பி.எஃப். பணம் எனக்குத்தான், தம்பி என் பேரைத்தான் எழுதியிருக்கிறான் என்றார். அந்த அம்மாவும் அதை நம்பி ஒரு மாதம் அழுதார். திருமணத்துக்கு முன் கொடுத்த பி.எஃப். நாமினி, திருமணம் ஆன கணமே செல்லாது என்பது இருவருக்கும் தெரியவில்லை. அது மட்டுமா? பி.எஃப்.போடு சேர்ந்த காப்பீடு 7 லட்சம் வரை உண்டு, மனைவிக்கு மாத ஓய்வூதியம் உண்டு, மூன்றுக்கும் ஒரே கிளெய்ம் படிவம்தான். இதையும் யாரும் சொல்லவில்லை.

ஒன்பதாம் வகுப்பு படிக்கிற மகள்தான் குடும்பத்தைக் காப்பாற்றினாள். பாஸ்புக்கைப் பதிவு போட்டு வந்த அன்று வரிவரியாக வாசித்தவள், ‘அம்மா, மே மாசம் ஆனா 436 ரூபாய் பிடிச்சிருக்காங்க, வருசா வருசம் பிடிச்சிருக்காங்க, இது என்ன?’ என்று கேட்டாள். பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு அது. 18 முதல் 50 வயதுக்குள் சேரலாம். என்ன காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம், புதிதாகச் சேர்ந்த முதல் 30 நாளில் மட்டும் விபத்து மரணத்துக்கே தருவார்கள். கணவர் கணக்கு தொடங்கும்போது ஏதோ தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறார், வீட்டில் சொல்லவில்லை. கேட்கத் தெரிந்ததால் அந்த 2 லட்சம் வந்தது. கேட்காமல் விட்டிருந்தால்? யாரும் வீடு தேடி வந்து கொடுக்க மாட்டார்கள்.

(தலைவி அம்மா துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார். பத்து நிமிடம். முடித்துவிடுகிறேன், அம்மா.)

ஆகவே சேமிப்பும் மோசடியும் அடுத்த ஆண்டு விழாவுக்கு இருக்கட்டும். மோசடிக்கு ஒன்றே ஒன்று: பணம் போய்விட்டது என்று தெரிந்த நிமிடமே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள், அண்ணன் வரட்டும், மாமா வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். மீதி நேரம் முழுவதும் நாமினிக்குத்தான். எங்கே போனாலும் இதையேதான் பேசுகிறான் என்று சொல்கிறார்கள், சொல்லட்டும். பெண்களுக்கு நிதிக் கல்வி என்று எதை நடத்தினாலும் முதல் வகுப்பு நாமினி வகுப்பாக இருக்க வேண்டும். காரணம், அதற்குச் செலவு ஒரு பைசா இல்லை, படிவம் ஒரு பக்கம்தான், பலன் லட்சத்தில்.

வங்கி வைப்புக்கான படிவத்தின் பெயர் டி.ஏ.1. சேமிப்புக் கணக்கில் கொடுத்துவிட்டால் வைப்பு ரசீதுக்கும் சேர்ந்துவிடும் என்று நினைக்காதீர்கள், ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பாருங்கள். படிவம் கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் நாமினி பதிவானது என்று அச்சாகிறதா, பெயரும் இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை எழுதலாம், ஆளுக்கு இத்தனை சதவீதம் என்று பங்கும் போடலாம், கூட்டினால் நூறு வர வேண்டும். சின்னப் பிள்ளையை எழுதினால் பணத்தைப் பெற்றுக்கொள்ள ஒரு பெரியவர் பெயரையும் எழுத வேண்டும். நாமினி பெயர் ஆதாரில் இருப்பதுபோலவே, முன்னெழுத்து உட்பட இருக்கட்டும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது எழுத்துக்கும் பொருந்தும்.

கணவன் மனைவி சேர்ந்து வைத்திருக்கும் ‘ஐதர் ஆர் சர்வைவர்’ கணக்கில் ஒருவர் இறந்தால் மற்றவருக்குப் பணம் போகும், இருவரும் இல்லாதபோதுதான் நாமினி வருவார். ஆனால் வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன் எடுக்க வேண்டுமென்றால், உயிரோடிருப்பவர் எடுக்கலாம் என்ற சம்மதத்தை முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். இல்லையென்றால் மறுபடியும் எல்லா வாரிசுகளின் கையெழுத்தையும் கேட்பார்கள். பலர் மாட்டிக்கொள்கிற இடம் இது.

ஒரு எச்சரிக்கை. வங்கியில் நாமினி பணத்தை வாங்கிக்கொள்கிறவர்தான், சொந்தக்காரர் சட்டப்படியான வாரிசுதான். ஆயுள் காப்பீட்டில் மட்டும் கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகளை நாமினியாக எழுதினால் பணம் அவர்களுக்கே சொந்தம். 2015-இல் சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. மற்றதற்கு உயில் வேண்டும். வெள்ளைத் தாள் போதும், முத்திரைத்தாள் வேண்டாம், பதிவு கட்டாயமில்லை. இரண்டு சாட்சி வேண்டும், சொத்துப் பெறுகிறவர் சாட்சியாக இல்லாமலிருப்பது நல்லது.

உயில் ஆண்களுக்கு என்று நினைக்கிற தாய்மார்கள் இதைக் கேளுங்கள். பிள்ளை இல்லாத ஒரு விதவை, தான் உழைத்துச் சேர்த்த பணத்தை உயில் எழுதாமல் விட்டுப் போனால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அது முதலில் அவர் கணவரின் வாரிசுகளுக்குப் போகும். பெற்ற தாய் உயிரோடு இருந்தாலும் அவருக்கு அடுத்த இடம்தான். தையல் மிஷின் மிதித்துச் சேர்த்த பணத்துக்கும் இதேதான். எனக்கு இந்தச் சட்டம் பிடிக்கவில்லை, ஆனால் மாறும்வரை உயில்தான் வழி.

இப்போது கோரிக்கைகள். கூட்டமைப்பு இன்றே ஒரு தீர்மானம் போட வேண்டும்: மாதத்தின் முதல் குழுக் கூட்டத்தில் சந்தா வசூலுக்கு முன் அரை மணி நேரம், இரண்டு உறுப்பினர்கள் தங்கள் பாஸ்புக்கை வரிவரியாக வாசித்துக் காட்ட வேண்டும். தொகையைச் சொல்ல வேண்டாம், அது அவரவர் ரகசியம். பிடித்தம் எது, நாமினி யார் என்று மட்டும் வாசிக்கட்டும். குழுச் சேமிப்புக்கும் உறுப்பினர் வாரியாக நாமினி பெயரைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றுங்கள்.

மேலாளர் ஐயா, உங்களிடம் கேட்பது நூறு டி.ஏ.1 படிவம். கொண்டுவந்திருப்பதாகச் சைகை காட்டுகிறார், கை தட்டுங்கள்! பந்தலுக்கு இடதுபுறம் மூன்று மேஜை போட்டிருக்கிறார்கள். பாஸ்புக்கும் ஆதாரும் கையில் இருப்பவர்கள் முதல் மேஜைக்குப் போங்கள். வைப்பு ரசீது இருப்பவர்கள் இரண்டாவது மேஜை. கைநாட்டு வைப்பவர்களுக்கு இரண்டு சாட்சி தேவை, அவர்கள் பக்கத்தில் இருக்கும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு மூன்றாவது மேஜைக்கு வாருங்கள். கையெழுத்துப் போடுகிறவர்களுக்குச் சாட்சி வேண்டாம். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் யாரும் எழுந்திருக்காதீர்கள்.